முந்தலில் ஒரு புதிய மடிக்கணினியும் பாமினியில் கிடந்த பழைய கட்டுரைகளும்

கொழும்பிலிருந்து புத்தளம் போகும் வீதியில் சிலாபத்தைத் தாண்டி வடக்கே செல்பவர்களுக்கு முந்தல் என்பது பெரும்பாலும் பேருந்து சற்று நின்று புறப்படும் ஓர் இடம் மட்டுமே. வீதிக்கு மேற்கே களப்பு. களப்புக்கு அப்பால் மெல்லிய மணல் திட்டு. அதில் கரைவலை இழுக்கும் உடப்பு. அதற்கும் அப்பால் கடல். ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய் இந்தக் களப்பின் வழியாகத்தான் புத்தளம் களப்பை எட்டுகிறது. என் தங்கை இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. ஆகவே, ஆண்டுக்கு இரண்டு தடவையாவது நான் இங்கே வந்து சில நாட்கள் தங்குவது வழக்கம்.

இம்முறை வந்தபோது வீட்டில் ஒரு புதிய மடிக்கணினி இருந்தது. தங்கையின் பேத்தி இணையத்தளம் அமைக்கும் தொழிலைப் படிக்கிறாள். சிலாபத்தில் தவணை முறையில் வாங்கிய கணினி. அட்டைப்பெட்டியைக்கூட இன்னும் வீசவில்லை. "தாத்தா, இருந்து பாருங்கள், இன்றைக்கே எல்லாவற்றையும் ஏற்றி முடித்துவிடுவேன்" என்றாள். நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். என் பையில் ஒரு பழைய இறுவட்டு இருந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அவள் செய்த வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். நிரல் எழுதுவதற்கு விசுவல் ஸ்டூடியோ கோட் என்ற தொகுப்பி. எழுதியவற்றின் ஒவ்வொரு படியையும் நினைவில் வைத்திருக்கும் கிட். உலாவிக்கு வெளியேயும் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட் ஜேஎஸ். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு உலாவிகள். எல்லாம் இலவசம். கைத்தொலைபேசியின் இணைப்பில் இறக்கி, இரண்டு மணி நேரத்திற்குள் வேலை முடிந்துவிட்டது. இடையில் ஒரேயொரு தடங்கல். கணினியை முதலில் திறந்தபோது பயனர் பெயரை ஆசையாகத் தமிழில் கொடுத்திருந்தாள். அதனால் அவளுடைய கோப்புறையின் பெயரும் தமிழிலேயே அமைந்துவிட, ஏற்றிய கருவிகளில் ஒன்று அந்தப் பாதையை அடையாளம் காண மறுத்துவிட்டது. ஆங்கில எழுத்தில் இன்னொரு கோப்புறை போட்டுத்தான் அதைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. "இன்னுமா?" என்று கேட்டேன். அவளுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. விளங்க வைப்பதற்காகச் சொல்லத் தொடங்கிய கதைதான் இது.

தமிழில் எந்தப் புதிய கருவி வந்தாலும், முதல் வேலை எழுத்தை அதற்குள் இறக்குவதாகவே இருந்திருக்கிறது. 1578இல் கொல்லத்தில் என்றிக்கே என்றிக்கசு அடிகளார் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டபோதும் அப்படித்தான். 1713இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சுக்கூடம் அமைத்தபோதும் அப்படித்தான். நான் பத்திரிகைக்கு வந்த எழுபதுகளில் ஈய எழுத்துக்களைக் கையால் கோத்துக்கொண்டிருந்தார்கள். அச்சுக்கோப்பாளர்கள் என் கையெழுத்தைத் திட்டிக்கொண்டே கோப்பார்கள். ஒரு பெரிய செய்தி வந்தால் தலைப்பெழுத்துக்களில் ஏதாவது ஒன்று போதாமல் போய்விடும். அந்த எழுத்து வராத வேறு சொல்லைத் தேடித் தலைப்பை மாற்றிய நாட்கள் உண்டு. வாசகர்கள் அதை ஆசிரியரின் மொழிநடை என்று நினைத்திருப்பார்கள்.

கணினித் தமிழின் நேரடி மூதாதை அச்சல்ல, தட்டச்சுப்பொறியே. யாழ்ப்பாணத்தில் 1886இல் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா, தமிழ்த் தட்டச்சுப்பொறியின் தந்தை என்று போற்றப்படுகிறவர். ஆங்கிலத்துக்குச் செய்யப்பட்ட ஒரு பொறியின் விசைகளுக்குள் 247 எழுத்துக்களை அடக்குவது எப்படி? ஒவ்வொன்றுக்கும் ஒரு விசை கொடுக்க முடியாது. எனவே எழுத்துக்களைத் துண்டுகளாகப் பிரித்தார்கள். கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி. அடித்தாலும் உருளை நகராத 'நகரா விசை' என்ற உத்தியும் வந்தது. 'கெ' என்று அடிக்க வேண்டுமானால், கண்ணுக்குத் தெரிகிற வரிசைப்படி முதலில் கொம்பு, பிறகு 'க'. 'கௌ' என்று அடிக்க வேண்டுமானால் கொம்பு, 'க', பிறகு 'ள'. ஔகாரத்தின் வால் 'ள' போலவே இருப்பதால் அதற்குத் தனி விசை எதற்கு? தாளில் பார்க்கும் மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இந்தச் சிக்கனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு முந்தலில் அது எங்கள் காலைத் தடுக்கியது.

தொண்ணூறுகளில் எங்கள் அலுவலகத்துக்குக் கணினி வந்தது. அதோடு 'பாமினி'யும் வந்தது. இலங்கையில் பாமினி எழுத்துருவை அறியாத தமிழ்த் தட்டெழுத்தாளர் அன்று இருந்திருக்க முடியாது. அது செய்த தந்திரம் எளிமையானது. ஆங்கில எழுத்துக்களின் இருப்பிடங்களில் தமிழின் உருவங்களை வரைந்துவிட்டார்கள். நான் 'முந்தல்' என்று அடித்தால் திரையில் முந்தல் என்றே தெரியும். கணினியின் நினைவிலோ பெரிய கே, சிறிய இ, அரைப்புள்ளி, சிறிய ஜே, சிறிய வை, மறுபடியும் அரைப்புள்ளி என்று ஆறு குறிகள் மட்டுமே இருக்கும். எழுத்துருவை எடுத்துவிட்டால் எஞ்சுவது பொருளற்ற ஆங்கிலக் குப்பை. தாளில் அச்சிட்டு விற்கும் வரைக்கும் இதனால் ஒரு தீங்கும் இல்லை. தாளுக்கு எழுத்துரு தேவையில்லையே!

சிக்கல் இணையத்தோடு வந்தது. 1995 அக்டோபரில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியும் அவருடைய நண்பர்களும் தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டினார்கள். 1998 தைப்பொங்கலன்று கு. கல்யாணசுந்தரத்தின் முயற்சியால் மதுரைத் திட்டம் தொடங்கியது. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டின் பயனாகத் தமிழ்நாடு அரசு தாப், தாம் என்ற குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. புலம்பெயர்ந்தவர்களும் மலேசியா, சிங்கப்பூர் அன்பர்களும் மடலாடற் குழுவில் விவாதித்து டிஸ்கி என்ற இன்னொன்றை உருவாக்கியிருந்தார்கள். அந்த விவாதங்களை அப்போது வாசித்தவர்களுக்குத் தெரியும், சங்கப் புலவர்கள்கூட இவ்வளவு சண்டை போட்டிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு பத்திரிகைத் தளத்தின் தலையிலும் "எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும்" என்ற ஒரு வரி இருக்கும். கனடாவிலோ பிரான்சிலோ ஓர் இணைய மையத்தில் அரைமணி நேரக் கட்டணம் கொடுத்து உட்கார்ந்த ஒருவருக்கு, அந்தக் கணினியில் எழுத்துருவை நிறுவும் அனுமதி இருக்காது. ஊர்ச் செய்திக்காகத் துடித்து வந்தவர் குறிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். இயங்கு எழுத்துரு என்று ஒன்று பிறகு வந்தது. அது ஒரு உலாவியில் தெரியும், இன்னொன்றில் தெரியாது.

இத்தனைக்கும் நடுவே யுனிகோடு 1991இலேயே வந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. உலகின் எழுத்துக்கள் அனைத்துக்கும் தனித்தனி எண் கொடுத்த அந்தப் பட்டியலில் தமிழுக்கும் ஓர் அறை இருந்தது. இந்திய அரசின் இஸ்கியைப் பின்பற்றிய அமைப்பு அது. அகர வரிசை தவிர்ந்த உயிர்மெய் எழுத்துக்களுக்குத் தனி எண் கிடையாது. அகர உயிர்மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்துதான் அவை உருவாக வேண்டும். இதில் தமிழறிஞர்கள் பலருக்கு இருந்த மனக்குறை நியாயமானதே. 2010இல் தமிழ்நாடு அரசு யுனிகோடோடு சேர்த்து அனைத்தெழுத்துக் குறியேற்றமாகிய டேஸ்16ஐயும் தரமாக அறிவித்தது. ஆனால் உலகம் யுனிகோடின் பக்கம் போய்விட்டிருந்தது. இதில் என் கட்சி எப்போதும் ஒன்றுதான்: குறையுள்ள பொது வழி, குறையற்ற தனி வழியைவிட மேல்.

அந்தப் பொது வழிக்கு நான் வந்து சேர்ந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. 2004ஆம் ஆண்டு. விண்டோஸ் எக்ஸ்பி கணினி. கட்டுப்பாட்டகத்தில் மொழிப் பகுதிக்குப் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கட்டத்தில் ஒரு சரியடையாளம் போட வேண்டும். உடனே அது மூல இறுவட்டைக் கேட்கும். எங்கள் அலுவலகத்தில் அந்த இறுவட்டு யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாளாயிற்று. பிறகு முகுந்த் உருவாக்கிய இ-கலப்பையை நிறுவினேன். பழைய எழுத்தை மாற்ற சுரதாவின் பொங்குதமிழ் செயலி இருந்தது. அதே ஆண்டில் காசி ஆறுமுகத்தின் தமிழ்மணம் திரட்டி தொடங்கியிருந்தது. இரவு பத்து மணிக்குக் கொழும்பில் எழுதிய ஒன்றை, பத்து நிமிடத்தில் ஒருவர் நோர்வேயில் எழுத்துரு எதையும் இறக்காமல் வாசித்துப் பின்னூட்டமிட்டார். முப்பது ஆண்டுகள் பத்திரிகையில் எழுதியவனுக்கு அது புதிய அனுபவம்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பேத்தி, உலாவியிலேயே ஒரு சிறிய கட்டளையை அடித்தாள். 'முந்தல்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டாள். ஏழு என்றது கணினி.

"பிழை, நான்கு எழுத்து. மு, ந், த, ல்" என்றேன்.

"அது குறிகளை எண்ணுது தாத்தா. மகரம் ஒன்று, உகரக் குறி ஒன்று, நகரம், புள்ளி, தகரம், லகரம், புள்ளி. ஏழு." பிறகு வேறொரு கட்டளையை அடித்தாள். இம்முறை நான்கு என்று வந்தது. மனிதர் எழுத்தென்று கருதுவதை எண்ணும் வசதி அண்மை ஆண்டுகளில்தான் எல்லா உலாவிகளிலும் வந்ததாம். சேமித்து வைக்கும்போது இந்த ஏழு குறிகளும் இருபத்தொரு பைட்டுகளாகின்றன, ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று என்ற கணக்கில். பாமினியில் ஆறு போதும். இடத்தைப் பெரிதாக எண்ணிய காலத்தில் இதற்காகவே யுனிகோடு வேண்டாமென்று வாதிட்டவர்களை எனக்குத் தெரியும்.

இனி என் இறுவட்டு. 1990 அக்டோபர் இறுதியில் வடமாகாணத்திலிருந்த முஸ்லிம் மக்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். யாழ்ப்பாண நகரத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்த அவகாசம் சில மணி நேரமே. மன்னாரிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். பெரும்பகுதியினர் இந்தப் புத்தளம் மாவட்டத்திலேயே கிடுகுக் கொட்டில்களில் தங்கினார்கள். சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்ற நினைப்போடு வந்தவர்களின் பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், இங்கேயே திருமணமும் செய்துகொண்டார்கள். தங்கை வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் அந்த முகாம்களுக்குப் போவேன். 1996 முதல் 2003 வரை அறுபத்து மூன்று கட்டுரைகள் எழுதினேன். அவை அப்போது நான் பணியாற்றிய பத்திரிகையின் இணையப் பக்கத்தில் பாமினியில் வெளிவந்தன. பின்னர் வழங்கியை மாற்றியபோது பழைய பக்கங்கள் அனைத்தும் போய்விட்டன. கேட்டதற்கு, "தமிழ்நாட்டில் யாராவது சேமித்து வைத்திருப்பார்கள்" என்று ஒருவர் பதில் சொன்னார். ஒருவரும் சேமித்திருக்கவில்லை. சேமிக்க நினைத்தாலும் எப்படித் தேடியிருப்பார்கள்? அந்தப் பக்கங்களில் தேடுபொறிக்குத் தெரியக்கூடிய தமிழ்ச் சொல் ஒன்றுகூட இருந்ததில்லை. என்னிடம் எஞ்சியது இந்த இறுவட்டு ஒன்றுதான்.

புதிய கணினியில் இறுவட்டுப் பெட்டி இல்லை. புத்தளத்தில் ஒரு கடையில் கொடுத்துச் சிறிய நினைவுக்குச்சிக்கு மாற்றி வந்தோம். கோப்புகளைத் திறந்தால் எதிர்பார்த்தபடியே ஆங்கிலக் குப்பை. அவள் ஒரு நிரல் எழுதினாள். பாமினியின் ஒவ்வொரு குறிக்கும் தமிழில் எது என்று நான் சொல்லச் சொல்லப் பட்டியலிட்டாள். விசைப்பலகையைப் பார்க்காமலே என் விரல்கள் அவற்றைச் சொல்லின. கொம்பை எழுத்துக்கு முன்னாலிருந்து எடுத்துப் பின்னால் வைக்க வேண்டும். ஒகரத்தையும் ஔகாரத்தையும் முதலில் மாற்றி, எகரத்தைப் பிறகு மாற்ற வேண்டும். இரவு உணவுக்கு முன்னரே அறுபத்து மூன்று கட்டுரைகளும் அழகான தமிழில் வந்து நின்றன. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு என் சொற்களை நானே வாசித்தேன். சில இடங்களில் வெட்கமாகவும் இருந்தது. இளமையில் எழுதியவை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது, அப்போதே எனக்கு ஐம்பதை நெருங்கிவிட்டது.

"எதையாவது தேடிப் பார்ப்போம்" என்றாள். 'வெளியேற்றம்' என்று தேடச் சொன்னேன். கட்டுரைகளில் அதிகம் வந்த சொல் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஒன்றுமில்லை என்றது கணினி.

கண் முன்னே திரையில் அந்தச் சொல் தெரிகிறது. தேடினால் இல்லை. 'வெளிநாடு' தேடினோம், இல்லை. 'வெள்ளம்' இல்லை. 'தெளிவு' இல்லை. திரையைப் பெருக்கிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. நாங்கள் மாற்றியிருந்தது 'வெளி' அல்ல, 'வௌி'. கொம்பு, வகரம், ளகரம் என்று பாமினியில் வரும் மூன்று குறிகளையும் நிரல் 'வௌ' என்ற ஒரே எழுத்தாக எடுத்துக்கொண்டு, அதன் பின்னால் இகரக் குறியை ஒட்டியிருந்தது. அன்று தட்டச்சுப்பொறியில் ஒரு விசையை மிச்சம் பிடித்ததன் விலை இது. இலங்கைத் தமிழ்ச் செய்தித் தளங்களை உற்றுப் பார்ப்பவர்கள் 'வௌிநாடு', 'வௌியீடு', 'தௌிவு' ஆகியவற்றை இன்றும் அங்கங்கே காணலாம். கண்ணுக்குப் பிழையே தெரியாது. ஆனால் 'வெளியேற்றம்' என்று சரியாக எழுதித் தேடும் ஒருவருக்கு அந்தப் பக்கம் இல்லாததற்குச் சமம். நான் யோசித்தேன்: வெளியேற்றப்பட்டவர்களைப் பற்றிய எத்தனை பக்கங்களில் அந்தச் சொல்லே இப்படி வெளியே நிற்கிறதோ!

ஔகாரத்தை முற்றாக எடுத்துவிடலாம் என்றாள் அவள் முதலில். அப்படிச் செய்திருந்தால் இன்னொரு சொல் கெட்டிருக்கும். முகாம்களில் நான் பேட்டி கண்டவர்களில் மௌலவிமார் பலர். அவர்கள் அனைவரும் 'மெளலவி' ஆகிவிடுவார்கள். நௌசாத், தௌபீக் போன்ற பெயர்களும் அப்படியே. நெடுநேரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் வழி இலக்கணத்திலேயே இருந்தது. ளகரத்துக்குப் பின்னால் ஓர் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது உண்மையான ளகரம். வெளி, வெள்ளம், தெளிவு எல்லாம் அதில் அடங்கிவிடும். ஒன்றும் வராமல் அடுத்த எழுத்து தொடர்ந்தால் அது ஔகாரத்தின் வால். மௌலவி, மௌனம், கௌரவம். ஓர் உயிரெழுத்தின் மேல் இன்னோர் உயிர்க்குறி ஏறாது என்று ஐந்தாம் வகுப்பில் படித்ததைத்தான் நிரலில் ஒரே வரியாக எழுதினாள். விதிக்கு அடங்காத சொல் ஏதாவது வருகிறதா என்று நான் அறுபத்து மூன்று கட்டுரைகளையும் கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். விடிய இரண்டு மணியாகிவிட்டது. தங்கை வந்து இருவரையும் ஏசிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை மீண்டும் தேடினோம். 'வெளியேற்றம்' நாற்பத்தொரு கட்டுரைகளில் இருந்தது.

அவள் ஒரு பக்கம் அமைத்திருந்தாள். மொழி தமிழ் என்று முதல் வரியிலேயே குறித்து, நோட்டோ தமிழ் எழுத்துருவைப் போட்டு, கட்டுரைகளை ஆண்டு வரிசையில் அடுக்கியிருந்தாள். இன்னும் அவளுடைய கணினிக்குள் மட்டுமே தெரியும் பக்கம், வெளியே ஏற்றவில்லை. இந்தக் கரையில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கை முழுவதன் ஊர் விவரங்களையும் தனியொருவராகத் திரட்டி அச்சிட்டார் என்று அவளிடம் சொன்னேன். அவள் கற்பிட்டிப் பக்கம் எத்தனையோ முறை போயிருக்கிறாள், அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லையாம். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஏற்றலாமா என்று நான் கேட்டபோது, அவள் 1997ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றைத் திறந்து காட்டினாள். மன்னாரிலிருந்து படகில் வந்து, வழியில் கைக்குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாயின் வாக்குமூலம். பெயர், முகாம், கணவரின் தொழில் எல்லாவற்றையும் அப்படியே போட்டிருந்தேன்.

"தாளில் வந்தபோது இதை எத்தனை பேர் வாசித்திருப்பார்கள் தாத்தா?"

"சில ஆயிரம் பேர். அடுத்த நாள் அதில் வடை சுற்றியிருப்பார்கள்."

"இப்போது அவருடைய பெயரைப் போட்டு யார் தேடினாலும் முதலாவதாக இதுதான் வரும். அவர் இருக்கிறாரா?"

இருக்கிறார் என்றே நினைக்கிறேன். மதுரங்குளிக்குப் போகும் வழியில், முகாம் இருந்த இடத்திலேயே பிறகு கல்வீடு கட்டிக்கொண்டார்கள் என்று சில ஆண்டுகளுக்கு முன் யாரோ சொன்னார்கள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த பிறகு முச்சக்கர வண்டி பிடித்து நானும் பேத்தியும் போவதாக இருக்கிறோம். மடிக்கணினியையும் கொண்டுபோகிறோம், அவர் வாசித்துப் பார்க்கட்டும்.